உங்களுக்குத் தெரியுமா? குரல் எழுப்பாத வலி

வலியுற்ற நாய் ஊளையிட்டுத்தான் அதைத் தெரிவிக்கும் என்று கருதுவது பிழை; நாள்பட்ட மூட்டுவலியில் பல நாய்கள் குரலே எழுப்புவதில்லை. படியேறத் தயங்குவதும், ஒரே இடத்தை ஓயாது நக்குவதும், ஓட்டமோ வெயிலோ இன்றி மூச்சிரைப்பதும், தொட்டதும் சீறுவதும் வலியின் அறிகுறிகளாகும். முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி அடிக்கடி நிற்பது வயிற்றுவலியைச் சுட்டக்கூடும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோல், அதாவது குரல், நடை, தொடுகைக்கான எதிர்வினை முதலியவற்றுக்கு மதிப்பெண் இட்டு அறுவைக்குப் பிந்தைய கடும் வலியைக் கணிக்கும் முறை, 24க்கு 6 எட்டினாலே வலிநிவாரணி பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

மும்பையின் தாராவியிலும் செம்பூரிலும் தெருநாய்களுக்கு அன்போடு உணவிடுவோர், மனிதருக்கான ஐபுப்ரோஃபென் மாத்திரையை ஒருபோதும் தரலாகாது. அது நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் விளைவிக்கும். வலியில் தவிக்கும் நாய் பழகியவரையும் கடிக்கக்கூடும் என்பதால், அதைக் கட்டியணைக்காமல், அமைதியான இடத்தில் கிடத்தி மருத்துவரிடம் சேர்ப்பதே உண்மையான பரிவு. மாட்டுங்காவிலிருந்து மத்திய ரயில் பாதையில் இரண்டாவது நிலையமான பரேலில், சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த, அவருடைய மனைவி சக்கர்பாயின் பெயர் தாங்கிய விலங்கு மருத்துவமனை இன்றும் இயங்குகிறது.