மாசி வெயிலில் செய்ய வேண்டிய வேலை

கூரை ஒழுகும் நாளில்தான் கூரையைப் பற்றிய கவலை எமக்கு வருகிறது. சட்டி, வாளி எல்லாம் வீட்டுக்குள் வரிசையாகின்றன. மழை விட்டு நாலு நாள் வெயில் எறித்தவுடன் அதை மறந்துவிடுகிறோம். புத்தளம் கரையோரத்தில் கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்த காலத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு பகுதிகளில் தஞ்சமடைந்தனர். வந்தவர்களுக்கு முதல் கூரை தென்னோலைக் கிடுகுதான். ஓலையை இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பின்னி, காயவைத்து அடுக்குகிற வேலையைப் பெண்களே செய்தார்கள். அதைப் பின்னி விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் பலர். கிடுகு ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் தாங்கும். ஆகவே எப்போது ஓலை எடுப்பது, எப்போது வேய்வது, எந்தக் காற்றுக்கு முன்னே கயிற்றை இறுக்குவது என்ற கணக்கு முழுவதும் பெண்களின் கையில் இருந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் அதை எழுதி வைக்கவில்லை.

பிறகு கல்வீடு வந்தது. 2007இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய புத்தளம் வீடமைப்புத் திட்டத்தில் பல குடும்பங்கள் கட்டம் கட்டமாகப் பணம் பெற்றுத் தாமே வீட்டைக் கட்டிக்கொண்டன. நகையை அடகு வைத்து மிச்ச வேலையை முடித்தவர்களும் உண்டு. “இனி மழைக்குப் பயமில்லை” என்ற எண்ணம் அப்போது எல்லாருக்கும் இருந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. கிடுகைப் பற்றி எல்லாம் தெரிந்த பெண், சீமெந்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாதென்று ஒதுங்கிக்கொண்டாள். அது மேசனின் வேலை, ஆண்களின் வேலை என்றாகிவிட்டது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது சின்ன மாற்றமாகத் தெரியவில்லை. வீடு உறுதியானது; ஆனால் வீட்டைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை பெண்ணின் கையிலிருந்து நழுவியது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகளின் வீடுகளிலோ, தீர்மானிக்க ஆளே இல்லாமல் போயிற்று.

அந்த வீடுகளில் பல இன்று பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன. சுவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது. பூச்சு உதிர்கிறது. கொங்கிறீட் தட்டின் அடியில் கறுப்பாக ஈரம் படர்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் அதன் வெள்ளமும் வந்த பிறகு, முன்பு சிறிதாக இருந்த வெடிப்புகள் பெரிதாகத் தெரிகின்றன. இவற்றில் பாதிக்கு மருந்து பெரிய செலவல்ல. நல்ல நேரத்தில், நன்றாகக் காய்ந்த இடத்தில் ஒரு தார்ப் பூச்சுப் போதும். நேரந்தான் முக்கியம்.

குளிர் நாடுகளில் வீட்டு முற்றத்துத் தார்த் தளத்துக்குப் பனிக்காலம் முடிந்து வசந்தம் வந்ததும் மேற்பூச்சுப் பூசுவார்கள். பத்துப் பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் பூச்சுக் காயாது என்பது அவர்களுடைய கவலை. எமக்குக் குளிர் ஒரு பிரச்சினையே அல்ல. மழை, பனிநீர், உப்பு, பறக்கிற மணல் ஆகிய நாலுதான் எமது எதிரிகள்.

எமது மாவட்டத்தில் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அடுத்து ஏப்ரலில், பின்னேரத்தில் இடியோடு வருகிற மழை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வறட்சிதான். பூச நல்ல காலம் என்று தோன்றும். ஆனால் கச்சான் காற்று அப்போது விடாமல் அடிக்கும். கற்பிட்டிப் பக்கத்தில் வாழ்பவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. சோற்றிலேயே மணல் விழும். ஈரத் தாரில் மணல் ஒட்டினால் பூச்சுப் பொரிந்துவிடும். ஆகவே எமக்கு வாய்த்த காலம் மாசியும் பங்குனி முற்பாதியும்தான். பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். மார்கழி மழையில் குடித்த ஈரத்தைச் சுவர் வெளியே விட்டிருக்கும், சித்திரை இடிமழை தொடங்கியிராது, காற்றும் அடங்கியிருக்கும்.

தார் எங்கே பூசுவது? முதலாவது இடம் சுவரின் அடி. வீடு கட்டும்போது அத்திவாரத்தின் மேலே சீமெந்துச் சாந்து போட்டு, அதன்மேல் தார் பூசி, மணல் தூவி, பிறகுதான் கல் வைப்பார்கள். நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுப்பது அந்தக் கறுப்புப் பட்டைதான். காசு போதாமல் அதை விட்டுவிட்டுக் கட்டிய வீடுகளும் உண்டு. பட்டை இருந்தும் ஈரம் ஏறுகிறதென்றால், வெளியே போய்ப் பாருங்கள். கூட்டிக் கூட்டிச் சேர்த்த மண்ணும், பூமரத்துக்குப் போட்ட மண்ணும் அந்தப் பட்டைக்கு மேலே குவிந்திருக்கும். ஈரம் பட்டையைச் சுற்றி வந்து சுவரில் ஏறிவிடும். அந்த மண்ணை மண்வெட்டியால் இழுத்துவிட்டால், ஒரு சதமும் செலவில்லாமல் பாதி வேலை முடியும். மிச்சத்துக்கு, நிலத்தை ஒட்டிய வெளிச்சுவரின் அடியைச் சுத்தமாக்கி, காயவிட்டு இரண்டு பூச்சுத் தார் கொடுக்கலாம். உள்பக்கச் சுவரில் பூச வேண்டாம். ஈரம் உள்ளே அடைபட்டு மேலே ஏறும்.

இரண்டாவது இடம் கொங்கிறீட் தட்டு. குசினிக்கும் கழிப்பறைக்கும் மேலே சிறிய தட்டுப் போட்டவர்கள் பலர். தட்டில் நீர் தேங்கினால் அது மெல்ல இறங்கி உள்ளேயிருக்கும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்து வீங்கும். கொங்கிறீட் துண்டாக உடைந்து விழும். கடல் உப்பு உள்ள இடத்தில் இது விரைவாக நடக்கும். பிள்ளைகள் நடமாடும் இடத்தின் மேலே இப்படி இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. கம்பி வெளியே தெரிகிற அளவுக்கு உடைந்திருந்தால் தார் மட்டும் போதாது. முதலில் மேசனைக் கூப்பிட்டுக் கொங்கிறீட்டைத் திருத்த வேண்டும்.

பூசுவதைவிட அதற்கு முந்திய ஆயத்தந்தான் பெரிய வேலை. அதைப் பெண்களே செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். பாசியைத் தும்புத்தடியால் தேய்த்து எடுக்க வேண்டும். படிந்திருக்கும் உப்புப் போக நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பைக் கழுவிவிட்டு உப்பையே பூசியதாகும். வெடிப்பைச் சுரண்டிச் சற்று அகலமாக்கிச் சீமெந்துச் சாந்தால் அடைத்து, சில நாள் ஈரம் காட்டி இறுகவிட்டு, பிறகு நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரு முழப் பொலித்தீன் துண்டை மாலையில் தட்டின்மேல் விரித்து, நாலு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கையில் அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. மேசன் “போதும், காய்ந்துவிட்டது” என்று சொன்னாலும் பொலித்தீன் சொல்வதையே நம்புங்கள்.

ஹாட்வெயார் கடையில் இரண்டு வகைத் தார் கிடைக்கும். ஒன்று உருக்கிப் பூசுவது. மற்றது தண்ணீரில் கலந்து வருவது. இரண்டாவதற்கு அடுப்புத் தேவையில்லை. விலை கொஞ்சம் கூடினாலும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அதுவே நல்லது. உருக்கிய தாரில் ஒரு சிரட்டைத் தண்ணீர் விழுந்தாலும் அது பொங்கித் தெறிக்கும். மேலே பட்டுவிட்டால் ஒட்டிய தாரை உரிக்காதீர்கள். இருபது நிமிடம் ஓடுகிற குளிர்ந்த நீரில் பிடித்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

காலைப் பனிநீர் காய்ந்த பிறகு, ஒன்பது மணியளவில் தொடங்கி, பகல் ஒரு மணிக்குள் முடிப்பது நல்லது. ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும். மெல்லியதாக இரண்டு பூச்சு; முதலாவது கிழக்கு மேற்காக என்றால் மற்றது வடக்குத் தெற்காக. தண்ணீர்த் தார் பூசும்போது மண்ணிறமாக இருந்து, காயக் காயக் கறுக்கும். முழுவதும் கறுத்த பிறகே அடுத்த பூச்சு. தட்டு ஒரு நாளாவது மழை காணாமல் இருக்க வேண்டும் என்பதால் முதல்நாள் வானொலியில் காலநிலை அறிக்கையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கறுப்புத் தட்டு வெயிலை உறிஞ்சி வீட்டை அடுப்பாக்கும். தாரும் வெயிலில் விரைவில் வெடிக்கும். நன்றாகக் காய்ந்தபின் மேலே சாந்துத் தளம் போடுவதோ, அதற்கென விற்கும் வெள்ளைப் பூச்சைக் கொடுப்பதோ உதவும்.

இரண்டு எச்சரிக்கைகள். கற்பிட்டிக் குடாநாட்டின் கிணறுகள் பலவற்றில் விவசாய உரத்தால் நைத்திரேற்று அதிகம் என்று ஆய்வுகள் நெடுநாளாகச் சொல்கின்றன. அதனால் மழைநீரைத் தாங்கியில் சேர்த்துக் குடிப்பவர்கள் உண்டு. தார் பூசிய தட்டிலிருந்து வழியும் நீரை அந்தத் தாங்கிக்கு விடக்கூடாது. தாங்கியின் உள்ளேயும் தார் பூசக்கூடாது. மற்றது அஸ்பெஸ்டஸ் சீற். அதைச் சுரண்டவும் கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருடம் கழித்து நோயாக வரும். ஆணித் துளை ஒழுகினால் அந்த இடத்தை மட்டும் ஈரத் துணியால் மெல்லத் துடைத்து, காய்ந்ததும் அடைப்பது போதும்.

காசைப் பற்றியும் பேச வேண்டும். ஒக்டோபரில் மேசனைத் தேடினால் எல்லா வீட்டிலும் ஒழுக்கு. கூலி ஏறும், ஆளும் கிடைக்காது. மாசியில் பேரம் பேச இடமுண்டு. ஆனால் 2025இலும் 2026இலும் றமழான் நோன்பு இந்த மாதங்களிலேயே வந்தது. இன்னும் ஓரிரு வருடம் இதையொட்டியே வரும். நோன்போடு வெயிலில் தட்டின்மேல் வேலை செய்யச் சொல்வது நியாயமல்ல. பெருநாள் செலவும் முன்னே நிற்கும். ஆகவே நோன்புக்கு முன்பே, தை கடைசியில் கழுவி அடைக்கும் வேலையை முடித்துவிடலாம். பூச்சை, மழை இல்லாத நாள் பார்த்து நோன்புக்கு முன்னரோ, பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் இடையிலோ வைத்துக்கொள்ளலாம். நான் அறிந்த ஒரு மாதர் சங்கத்தில் பத்துப் பேர் சீட்டுப் பிடித்து, தாரை மொத்தமாக வாங்கி, ஒரே மேசனைப் பத்து வீட்டுக்கும் பேசினார்கள். “ஒரு வீட்டுக்காரி கேட்டால் ‘பார்ப்பம் தங்கச்சி’ என்பார், பத்துப் பேர் போய் நின்றால் நாளைக்கே வருகிறார்” என்று அவர்களில் ஒரு ராத்தா சிரித்துக்கொண்டு சொன்னார். கூலியைக் கடைசிப் பூச்சுக் காய்ந்த பிறகு முழுதாகக் கொடுப்பது என்றும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள்.

ஒழுக்கு எங்கே என்பது மழையில்தான் தெரியும், பூசுவதோ வெயிலில். மாசியில் மேசன் வந்து “எங்கே ஒழுகுது?” என்று கேட்கும்போது எல்லா இடமும் ஒன்றுபோலவே காய்ந்திருக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் சொட்டும் இடத்தைச் சுற்றி, சுவரானாலும் தட்டின் அடியானாலும், ஒரு கரித்துண்டால் வட்டம் போட்டு வையுங்கள். அழிந்துவிடாமல் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.