மெய்ப்பாட்டியலும் திரைப்படமும்

திரைப்படம் பார்த்துவிட்டு வருபவரிடம் "படம் எப்படி?" என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. ஒன்று, "நன்றாக இருக்கிறது". மற்றொன்று, "நன்றாக இல்லை". ஏன் என்று அடுத்து வினவினால் பலர் தடுமாறுவர். சண்டை குறைவு என்பார் ஒருவர். கதை மெதுவாக நகர்கிறது என்பார் இன்னொருவர். அழுகைக்கு உரிய படத்தில் சண்டையைத் தேடுவதும், நகைக்கு உரிய படத்தில் தத்துவத்தைத் தேடுவதும் முழக்கோலைக் கொண்டு அரிசி அளக்க முற்படுவது போன்றதாகும்.

இக்குறை என்னிடமும் இருந்தது. அதை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். 2024ஆம் ஆண்டில், நான் பணிபுரியும் தோட்டப் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு, 'நான் பார்த்த திரைப்படம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். பலரும் கதைச் சுருக்கம் எழுதி, இறுதியில் ஒரு படிப்பினையையும் ஒட்டவைத்தனர். ஒரு மாணவி மட்டும் 'வாழை' என்னும் படத்தைப் பற்றி ஆறே வரிகள் எழுதியிருந்தாள். "அவன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அதனால் உயிரோடு இருக்கிறான். ஆனால் அவனைப் பார்த்து எனக்குச் சந்தோசம் வரவில்லை. வீட்டுக்குப் போகும் வரை எனக்குப் பேச்சே வரவில்லை" என்பன அவற்றுள் சில. கதைச் சுருக்கமும் இல்லை, படிப்பினையும் இல்லை என்று சிவப்பு மையால் குறித்து, பத்துக்கு மூன்று புள்ளிகள் இட்டேன்.

அப்படத்தை நான் அப்போது பார்த்திருக்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தேன். வகுப்பில் இருந்த அத்தனை பேரிலும் படத்தைச் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்தியே என்பது அன்று இரவு விளங்கிற்று. அவளது கட்டுரையை எந்த அளவுகோலால் திருத்தியிருக்க வேண்டும் என்று எண்ணியபோதுதான், பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்து தேர்வோடு மறந்துவிட்ட ஒரு பகுதி நினைவுக்கு வந்தது. அது தொல்காப்பியப் பொருளதிகாரத்து ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல்.

உள்ளத்தில் நிகழும் உணர்ச்சி மெய்யின்கண் தோன்றுவது மெய்ப்பாடு. கண்ணீர், நகைப்பு, மயிர்க்கூச்செறிதல் ஆகியவற்றால் ஒருவர் உள்ளத்தைப் பிறர் அறிகின்றனர். இம்மெய்ப்பாடுகளை நகை முதல் உவகை ஈறாக எட்டாக வகுத்த தொல்காப்பியர், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களையும் கூறினார். எட்டும் நான்கும் பெருக முப்பத்திரண்டு. இளம்பூரணரும் பேராசிரியரும் இவற்றுக்கு உரை வகுத்துள்ளனர். இது செய்யுளுக்கு எழுந்த இலக்கணமே. ஆயினும், பார்ப்போர் உள்ளத்தை அசைக்க முயலும் எக்கலைக்கும் இது பொருந்தும் எனலாம். ஒரு படத்தைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். இப்படம் எந்த மெய்ப்பாட்டை நாடுகிறது? அது பிறக்கும் இடம் உண்மையானதா? இவ்விரு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, அண்மையில் வந்த சில படங்களைப் பற்றி என் கருத்துகளைக் கூற விழைகிறேன்.

அழுகை: 'வாழை'

அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. 2024 ஆகஸ்டு 23இல் வெளிவந்த 'வாழை', இயக்குநர் மாரி செல்வராஜ் தம் இளமைக்கால நிகழ்ச்சிகளைத் தழுவி எடுத்த படம். சிவனைந்தன் என்னும் சிறுவன் நன்கு படிப்பவன். ஆயினும் விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கச் செல்ல வேண்டும். வாங்கிய முன்பணத்தைத் தாய் உழைத்துக் கழித்தாக வேண்டும். தாருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தரும்படி தொழிலாளர் கேட்கின்றனர். அது கிடைக்கிறது. ஆனால் அந்தச் செலவை வேறு வழியில் ஈடுகட்ட எண்ணிய வியாபாரி, ஆள்களைத் தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஏற்றி அனுப்புகிறார். அந்த ஒரு ரூபாய்க்கு ஊர் கொடுத்த விலைதான் படத்தின் முடிவு.

கங்காணியிடம் முன்பணம் பெற்றுக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று. இழவும் வறுமையும் இங்கே ஒன்றற்கொன்று காரணமாக நிற்கின்றன. ஆதலால் இப்படத்தின் அழுகை உண்மையானது. முற்பகுதியில் ஆசிரியை பூங்கொடியின் மீது சிறுவன் கொள்ளும் ஈடுபாட்டைக் காட்டும் காட்சிகள் சற்று மிகுதி என்று எனக்குப் பட்டது. எனினும் அவன் அன்று பள்ளிக்கு ஓடியதற்குக் காரணம் அந்த ஈடுபாடே என்பதை நோக்க, அதையும் பெருங்குறையாகச் சொல்ல மாட்டேன்.

வெகுளியும் மருட்கையும்: 'மகாராஜா'

2024 ஜூனில் வெளிவந்த 'மகாராஜா', விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம். இயக்கியவர் நித்திலன் சாமிநாதன். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர், "லட்சுமியைக் காணோம்" என்று காவல் நிலையத்தில் முறையிடுகிறார். லட்சுமி என்பது ஓர் இரும்புக் குப்பைத் தொட்டி. காவலர் நகைக்கின்றனர், நாமும் நகைக்கிறோம். போகப்போக அந்நகை தொண்டையில் சிக்குகிறது. முன்னதைப் பின்னும் பின்னதை முன்னுமாக மாற்றி அடுக்கிய கதைப் பின்னல் புதுமையானது. மருட்கையின் நிலைக்களன்களுள் புதுமையும் ஒன்றன்றோ?

வெகுளியின் நிலைக்களன்களுள் ஒன்று குடிகோள். தன் குடிக்கும் தன்னைச் சார்ந்தோர்க்கும் பிறர் சூழும் கேடு என அதனை விளக்கலாம். இப்படத்தின் சினம் அதிலிருந்தே பிறக்கிறது; அதனால் நாயகன் வாய்திறந்து பேசாமலே அவன் சினம் நமக்குப் புரிகிறது. ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசி வரை மறைத்து வைத்து, திருப்பத்துக்குப் பயன்படுத்தியிருக்கின்றனர். மருட்கையை மிகுவிக்க அழுகையைக் கருவியாக்குவது எனக்கு ஒப்பவில்லை. இது பெரியோர்க்கான படம். தொடக்கப்பள்ளி மாணவர்க்கு ஏற்றதன்று.

பெருமிதம்: 'லப்பர் பந்து'

கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் பெருமிதத்தின் களன்கள். 2024 செப்டம்பரில் வந்த, தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' ஊர்த் திடல்களில் ஆடப்படும் கிரிக்கெட்டைப் பற்றியது. 'கெத்து' என்று பெயரெடுத்த மூத்த மட்டையாளரும் அன்பு என்னும் இளம் ஆட்டக்காரனும் ஒருவர் மேல் ஒருவர் பிணக்குக் கொள்கின்றனர். அன்பு விரும்பும் பெண்ணோ கெத்துவின் மகள். இக்கதையை வெறும் போட்டியாகவே நடத்தியிருக்கலாம். இயக்குநரோ, திறமை இருந்தும் சாதியின் பெயரால் ஓர் இளைஞன் அணிக்கு வெளியே நிற்பதையும் சேர்த்துக் காட்டினார். பெருமிதம் ஆட்டத்தில் வெல்வதால் மட்டும் வருவதன்று, தன் செருக்கை வெல்வதாலும் வரும் என்பதை அறிவுரையின்றிச் சொன்ன படம் இது. விளையாட்டைப் பொருளாகக் கொண்ட அண்மைத் தமிழ்ப் படங்களுள் என் மனத்துக்கு மிகவும் உகந்தது இதுவே.

அச்சம்: 'கொட்டுக்காளி'

அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகிய நான்கும் அச்சத்தின் காரணங்கள். பேய்ப்படங்கள் யாவும் முதற்காரணத்தைக் கொண்டே பிழைக்கின்றன. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி' அதை அப்படியே தலைகீழாக்குகிறது. 'வாழை' வெளிவந்த அதே நாளில் வந்தது இப்படமும். மீனா என்னும் பெண் வேற்றுச் சாதி இளைஞனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாகக் கருதிய குடும்பத்தார், பலியிடச் சேவல் ஒன்றையும் எடுத்துக்கொண்டு பூசாரியிடம் அழைத்துச் செல்கின்றனர். பின்னணி இசை அறவே இல்லை. மீனாவும் வாய் திறப்பதில்லை எனலாம்.

குடும்பத்தார் அணங்குக்கு அஞ்சுகின்றனர். பார்க்கும் நாமோ அணங்கைக் காணவில்லை. அவளைச் சூழ்ந்து நிற்கும் ஆடவரையே காண்கிறோம். 'இறை' என்னும் சொல்லை, அரசனோடு நிறுத்தாமல் நம்மை ஆளும் அதிகாரம் உடையோர் எல்லார்க்கும் விரித்துக்கொள்ள இடமுண்டு. மீனாவின் அச்சம் அந்த 'இறை'யால் விளைந்தது. முடிவு சொல்லாமல் விட்டதற்காக, நான் பார்த்த அரங்கில் சிலர் முணுமுணுத்தனர். "இனி நீ என்ன செய்வாய்?" என்று படம் நம்மிடம் கேட்கிறது. விடை எழுத வேண்டியவர் நாம். வினாத்தாளைக் குறை கூறுவது முறையாகாது.

உவகை: 'மெய்யழகன்'

2024 செப்டம்பரில் வந்த 'மெய்யழகன்' ச. பிரேம்குமாரின் படம். 1996இல் பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுச் சென்னைக்குப் போன அருள்மொழி, பல்லாண்டு கழித்து ஒரு திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே "அத்தான், அத்தான்" என்று ஓர் இளைஞர் ஓடியோடி உபசரிக்கிறார். அவர் யார், பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் கூச்சம். ஏறத்தாழ இவ்வளவே கதை.

உவகையின் களன்களுள் ஒன்றாகிய புணர்வு என்பதற்குக் காதலர் கூட்டத்தையே பொதுவாகப் பொருளாகக் கொள்வர். இப்படத்தில் அது இரு உறவினர் மனம் ஒன்றுவதாக விரிகிறது. ஒருவர் பொருட்படுத்தாமல் விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி இன்னொரு குடும்பத்துக்கு வாழ்வு தந்தது என்று அறியும் இடத்தில், என் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குறை நீளமே. வெளிவந்த சில நாள்களில் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளை அவர்களே குறைத்தனர். எனினும், லயத்தில் எல்லாரையும் முறை சொல்லி அழைத்து வளர்ந்து, இன்று அடுக்குமாடியில் பக்கத்து வீட்டாரின் பெயரறியாது வாழும் நம்மவர்க்கு இது வேண்டிய படம்.

நகை: 'டூரிஸ்ட் ஃபேமிலி'

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு களன்கள். நம் நகைச்சுவைப் படங்கள் பலவும் எள்ளல் ஒன்றையே நம்புகின்றன. பருத்தவர், கறுத்தவர், திக்குவாயர் எல்லாரும் அங்கே கேலிப்பொருள் ஆவர். 2025 மே 1இல் வந்த, அபிஷன் ஜீவிந்தின் 'டூரிஸ்ட் ஃபேமிலி' அவ்வழி செல்லவில்லை. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறி, சென்னைக்கு வந்து தம் அடையாளத்தை மறைத்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை இது. இளைய மகனின் குறும்பில் 'இளமை' நகை தருகிறது. வெளியூர்ப் பேச்சை மறைக்கப் படும் பாட்டில் 'பேதைமை' நகை தருகிறது. அவர்களுடைய தமிழைப் படம் எள்ளவில்லை. அதுவே அதன் பண்பாடு. அத்தெருவில் அநேகமாக எல்லாருமே நல்லவராகிவிடுவதும், சட்டச் சிக்கல் எளிதில் தீர்வதும் நம்பக் கடினமே. ஆனால் நகைப் படத்துக்கு அந்த அளவு சலுகை தரலாம்.

இளிவரலும் நாமும்

அடுத்த வாரம் அம்மாணவியை அழைத்து, அவள் கட்டுரையில் நான் இட்ட மூன்றை அடித்து ஒன்பது என்று திருத்தினேன். என் தவற்றையும் சொன்னேன். அவள் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "ஐயா, நம்ம தோட்டத்தைப் பத்தி இந்த மாதிரி படம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருக்கிறது. 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாள் இயக்கத்தில் வெளிவந்த 'ஜகாட்' நம் மண்ணின் படம். 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல் நம் பேச்சில் திரிந்து அதன் தலைப்பாயிற்று. கெட்டவன் என்று பொருள். தோட்டங்கள் சிதைந்து, புறம்போக்கு நிலத்தில் குடியேறிய 1990களின் குடும்பங்களை அது காட்டுகிறது. அப்போய் என்னும் குறும்புச் சிறுவன் படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை மணியம் அடித்து வளர்க்கிறார். அன்பால்தான் அடிக்கிறார். அவ்வடியே பையனை வேறு பக்கம் தள்ளுகிறது. தொல்காப்பியர் இளிவரலுக்குக் கூறிய வருத்தமும் மென்மையும், அதாவது துன்பமும் வலியற்ற எளிமையும், அக்குடிசைகளில் நிறைந்திருந்தன. அத்தந்தையின் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தபோது என் கையையும் நான் பார்த்துக்கொண்டேன். படம் முழுவதையும் சிறுவர்க்குக் காட்ட இயலாது. ஆகவே அம்மாணவிக்குக் கதையை மட்டும் சொன்னேன். முதலில் படத்தைக் காண வேண்டியவர் ஆசிரியர்களாகிய நாமே.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பில் செய்து பார்க்கலாம். எட்டு மெய்ப்பாடுகளையும் கரும்பலகையில் எழுதுங்கள். தான் பார்த்த படம் எதனைத் தந்தது, எந்தக் காட்சியில் தந்தது என்று ஒவ்வொரு மாணவரையும் சொல்லச் செய்யுங்கள். பிறகு, அந்த உணர்ச்சி பிறந்த காரணம் உண்மையாக இருந்ததா என்று கேளுங்கள். கதைச் சுருக்கமும் படிப்பினையும் தாமே பின்தொடர்ந்து வரும். எங்கள் வகுப்பில் வந்தன. நான்கைந்து கிழமைகளில், தொல்காப்பியர் என்னும் பெயரைக் கேட்டுக் கொட்டாவி விட்ட பிள்ளைகளே "ஐயா, இது வெகுளியா, பெருமிதமா?" என்று தமக்குள் வழக்காடத் தொடங்கினர். எனக்கு அதில் கிடைத்தது உவகை. அது நான்கு களன்களுள் எதன்பாற் படும் என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.