நிலையான வட்டி: எத்தனை நாள் நிலைக்கும்?

தென் கொல்கத்தாவின் டாலிகஞ்சுக்கு மெட்ரோ ரயில் 1986ல் வந்தது. பின்னாலேயே 'புரமோட்டர்'கள் வந்தார்கள். பழைய வீடுகள் பல இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தன. லேக் மார்க்கெட்டை ஒட்டி வாழும் தமிழர்களுக்கு இது எட்டும் தூரம்தான்.

எட்டாதது வட்டி. 1990களின் நடுவில் வீட்டுக் கடன் வட்டி 15 சதவீதத்தைத் தாண்டி நின்றது. பணவீக்கம் தணிந்ததும் 2003-04ல் 8க்கும் கீழே இறங்கியது. 2008ல் மறுபடி இரட்டை இலக்கம். 2021ல் 7க்கும் கீழே. நீண்டகாலப் போக்கு இறங்குமுகம் என்றாலும் வழியெல்லாம் மேடு பள்ளம்.

மேடு எவ்வளவு செங்குத்தானது? 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4லிருந்து 6.5 ஆக்கியது. 2022 தொடக்கத்தில் 7 சதவீதத்தில், 20 ஆண்டுக்கு, 30 லட்சம் வாங்கியவருக்கு மாதத் தவணை 23,259 ரூபாய். வட்டி 9.5 ஆனால் அந்தத் தவணை முழுவதையும் கிட்டத்தட்ட வட்டியே விழுங்கிவிடும். அசல் அசையாது. தவணையைக் கூட்டாவிட்டால் கடன் ஓய்வுக் காலத்துக்குள்ளும் தொடரும்.

இந்தப் பயத்தில்தான் பலர் 'நிலையான வட்டி' கேட்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு மட்டுமே நிலையானது. பிறகு வட்டியைத் திருத்தும் உரிமையை ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து கடன் கொடுத்தவருக்குத் தருகிறது. காரணம் எளிது. வங்கி திரட்டும் டெபாசிட்டுகள் சில ஆண்டுகளில் முதிர்பவை; கடனோ 20 ஆண்டுக்கு. அமெரிக்காவில் கடன்கள் பத்திரங்களாக முதலீட்டாளர்களிடம் விற்கப்படுவதால் 30 ஆண்டுக்கும் ஒரே வட்டி சாத்தியம். அங்கு 1981ல் 18.63 சதவீதம் வரை ஏறிய வட்டி, 2021ல் 2.65க்கு இறங்கியது. அப்போது வாங்கியவருக்கு கடைசித் தவணை வரை அதுதான் வட்டி.

இங்கே வாடிக்கையாளருக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருக்கிறது. வட்டி திருத்தப்படும்போது நிலையான வட்டிக்கு மாறவும், தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று தேர்வு செய்யவும் வாய்ப்பளிக்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 2025ல் ரெப்போ 5.25க்கு இறங்கியது. இறக்கத்தின் பலன் மாறும் வட்டிக்காரருக்குக் கிடைக்கும். நிலையான வட்டிக்காரருக்குக் கிடைக்காது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் இல்லை. நிலையான வட்டிக்கு இருக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியது 'எத்தனை சதவீதம்?' என்பதை மட்டுமல்ல. 'எத்தனை ஆண்டுக்கு?' என்பதையும்தான்.