மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு, என்ன உரம் போடலாம்?" உரம் போட வேண்டும் என்பது கேட்பவர் மனதில் முன்பே முடிவாகிவிட்டது. எது என்பதுதான் பாக்கி. ஒருவர் கடலைப் பிண்ணாக்கு என்பார், இன்னொருவர் எப்சம் சால்ட் என்பார், மூன்றாமவர் மீன் அமிலம் என்பார். மூன்றும் ஒரே வாரத்தில் ஒரே பைக்குள் போகும். அடுத்த வாரம் இலை நுனி கருகும். நான் பார்த்தவரை, பையில் வளரும் செடிகள் உரமில்லாமல் கெடுவதைவிட, காரணம் தெரியாமல் ஊற்றிய உரத்தால் கெடுவதே அதிகம்.

இலை மஞ்சளாவது காய்ச்சல் மாதிரி. அது நோயின் பெயரல்ல, ஏதோ சரியில்லை என்ற அறிவிப்பு மட்டுமே. உரக் கடைக்குக் கிளம்பும் முன் செடியின் அருகே உட்கார்ந்து ஒன்றைப் பாருங்கள். மஞ்சள் அடியிலுள்ள முதிர்ந்த இலையில் தொடங்கியதா, உச்சியிலுள்ள கொழுந்தில் தொடங்கியதா?

இந்த ஒரு வேறுபாடு பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் செடி. அதனால் அடி இலை முதலில் வெளிறும். இரும்பு, கால்சியம், போரான் ஆகியவை அப்படி எளிதில் நகர்வதில்லை. ஓர் இலையில் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும். வரத்து நின்றால் புதிதாக வரும் கொழுந்துதான் முதலில் தவிக்கும்.

அடி இலை முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. கோகோபீட் அதிகம் சேர்த்த பைகளில் இது சாதாரணம். மக்காத தென்னை நார்க்கழிவில் கரிமச்சத்து தழைச்சத்தைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ கலக்காமல் கோகோபீட் கட்டியை ஊறவைத்து அப்படியே விதைத்தால் நாற்று ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடும். மூன்று நாள் ஊறிய கடலைப் பிண்ணாக்குக் கரைசலைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை ஊற்றினால் இது சரியாகும். அடி இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறை. ஒரு லிட்டருக்கு 5 கிராம் எப்சம் சால்ட் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். முதிர்ந்த இலையின் ஓரம் மட்டும் தீய்ந்தால் சாம்பல் சத்து.

இவை எளிய குறைகள். நம் ஊர் மாடிகளில் உண்மையான தலைவலி கொழுந்தில்தான்.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த ஓர் ஈர்க்கை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலைப்பரப்பு எலுமிச்சை மஞ்சள், அதன்மேல் பச்சை மையில் கோடு போட்டதுபோல நரம்புகள் மட்டும் தனியாகத் தெரியும். முற்றினால் நரம்பும் வெளிறி, இலை வெள்ளைத் தாள் நிறத்துக்கு வந்துவிடும். அதே செடியின் அடி இலைகள் கரும்பச்சையாகவே இருக்கும். இது இரும்புக் குறை. செம்பருத்தி, ரோஜா, இட்லிப் பூ எல்லாம் இதே முகத்தைக் காட்டும்.

இரும்பு பைக்குள் இல்லாமல் போய்விட்டதா என்றால், பெரும்பாலும் இல்லை. செம்மண் கலந்த பையில் இரும்புக்குப் பஞ்சமே கிடையாது. சிக்கல் தண்ணீரில். பைகார்பனேட் உள்ள ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை நாள்தோறும் ஊற்ற ஊற்ற மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, மெல்ல ஏறும். 6 முதல் 7 வரை இருந்தால் சத்துகள் வேருக்குத் தாராளமாகக் கிடைக்கும். 7.5ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்துக்கு மாறி வேருக்கு எட்டாமல் போய்விடும். அந்த மண்ணில் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, நேராகப் போட்டாலும் அதுவும் சில நாளில் கரையாத துருவாக மாறிவிடும். ஆகவே மண்ணை விட்டு இலை வழியே போக வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, கூடவே அரை எலுமிச்சம்பழச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. பத்து நாளில் கொழுந்து பச்சை கட்டத் தொடங்கும். மண்வழியே கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கடையில் கேட்கும்போது வகையைச் சொல்லிக் கேளுங்கள். கார மண்ணில் இ.டி.டி.ஏ. வகை இரும்பு சீக்கிரம் செயலிழக்கும்; இ.டி.டி.எச்.ஏ. வகை தாங்கும்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றும் பாட்டி வைத்தியம் இந்த இடத்தில் சரியான திசையில் இருக்கிறது. அதன் புளிப்பு வேரருகே காரத்தைச் சற்றுத் தணிக்கும். ஆனால் வாரத்துக்கு ஒரு டம்ளர் மோரும் நாளுக்கு இரண்டு குடம் உப்புநீரும் என்றால் மோர் தோற்றுவிடும். அடுப்புச் சாம்பலை இந்தச் செடிக்குக் கொடுக்கவே கூடாது. சாம்பல் சத்து அதில் உண்டு என்பது உண்மைதான், ஆனால் அது கடுங்காரம்.

ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது நல்ல சிக்கனம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பையின் ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலை நுனிகள் பழுப்பாகக் காய்ந்தால் உப்பு ஏறிவிட்டது என்று பொருள். அப்போது எந்த உரமும் வேண்டாம். 20 லிட்டர் பை என்றால் 40 லிட்டர் நல்ல தண்ணீரை நிறுத்தி நிறுத்தி ஊற்றி அடித்துளை வழியே வடியவிட வேண்டும். தெளிப்புக் கரைசல் கலக்க மழைநீரோ ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரோ இருந்தால் நல்லது. இரண்டிலும் உப்பு மிகக் குறைவு.

அடுத்தது தக்காளி. காய் நெல்லிக்காய் அளவைத் தாண்டும்போது பூ உதிர்ந்த அடிப்பக்கத்தில் நீர்கோத்த ஒரு வட்டம் தெரியும். நாலைந்து நாளில் அது பழுப்பாகிக் குழிந்து, கறுத்துத் தோல்போல் தட்டையாகிவிடும். காயைத் தொட்டால் கறுத்த இடம் கெட்டியாகவே இருக்கும், அழுகல் நாற்றம் வராது. கால்சியம் காயின் நுனிக்குப் போய்ச் சேராததன் விளைவு இது. உடனே எல்லோரும் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுவார்கள். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் சரக்கு. அது கரைந்து வேருக்குக் கிடைக்க மாதங்கள் ஆகும், கார மண்ணில் இன்னும் தாமதம். அதற்குள் தக்காளியின் ஆயுளே முடிந்துவிடும்.

மேலும், கடினநீர் ஊற்றும் பையில் கால்சியத்துக்குக் குறைவேது? கால்சியம் தண்ணீரோடு மட்டுமே பயணம் செய்யும். இலை ஆவியாக்கும் நீர் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகும். சித்திரை வெயிலில் பை நண்பகலுக்குள் காய்ந்து, மாலையில் வெள்ளமாக நனைந்தால், இடையில் காய்க்குப் போகும் வரத்து அறுந்துவிடுகிறது. மருந்து தண்ணீர் ஊற்றும் முறைதான். காலையும் மாலையும் அளவாக ஊற்றுவது, மண்மேல் காய்ந்த இலையால் மூடாக்கு, ஒரு செடிக்குப் 15 லிட்டருக்குக் குறையாத பை. தழைச்சத்தைக் கொட்டாதீர்கள், எப்சம் சால்ட்டையும் நிறுத்துங்கள். மெக்னீசியம் மிகுந்தால் கால்சியம் உள்ளே போவதை அது தடுக்கும். கறுத்த காய்கள் தேறாது, பறித்துவிடலாம். அடுத்த கொத்து நன்றாக வரும்.

சத்துக்குறையை நோய் என்று நினைப்பதும் நோயைச் சத்துக்குறை என்று நினைப்பதும் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 1960களில் உத்தரப் பிரதேசத்தின் தராய் என்னும் இமயமலை அடிவாரப் பகுதி வயல்களில் நெற்பயிர் துரு நிறம் கண்டு குட்டையாகி நின்றது. கைரா நோய் என்று அதற்குப் பெயர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் தாவர நோயியல் அறிஞர் ஒய்.எல்.நெனே, அது துத்தநாகப் பற்றாக்குறை என்பதை 1966-இல் எடுத்துக்காட்டினார். அதற்கு மருந்து துத்தநாக சல்பேட். நோயியல் படித்த ஒருவர் கிருமியை விட்டுவிட்டுச் சத்தை நோக்கித் திரும்பியது நம் வேளாண்மை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி.

மாடியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மிளகாய் இலை சுருண்டால் உரம் போடுகிறார்கள். இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன் என்று முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டினால் ஊர்வது தெரிந்துவிடும். தக்காளிக் கொழுந்து சிறுத்து மஞ்சளாகிச் சுருண்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். எந்தச் சத்தும் அதைத் தீர்க்காது, செடியைப் பிடுங்குவதே மற்ற செடிகளுக்கு நல்லது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடி மஞ்சளானால் அடித்துளையில் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். அடைப்பால் நீர் தேங்கிய பையில் வேருக்கு மூச்சு விட முடியாது. அழுகிய வேர் உரத்தை எடுக்காது. துளை நன்றாக இருந்தும் செடி தேறவில்லையென்றால் ஓரத்து மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். மணிமணியாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு.

எந்தச் சிகிச்சையாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, பத்து நாள் பொறுங்கள். மஞ்சளாகி முற்றிய பழைய இலை மறுபடி பச்சையாகாமல் போகலாம். அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். புதிதாக வரும் இலைதான் சாட்சி. எந்தச் செடிக்கு, எந்தத் தேதியில், எதை, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வைத்தாலே போதும்.

அடுத்த உர மூட்டை வாங்குமுன் ஒரு பி.எச். தாளும், கரைந்த உப்பை அளக்கும் சிறிய டி.டி.எஸ். கருவியும் வாங்கி, உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். பி.எச். 7.5ஐத் தாண்டியிருந்தால், இந்த மழைக்காலத்திலேயே செடிகளுக்கென்று ஒரு பீப்பாய் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.