ரீலை ஓட்டாதீர்கள், முகர்ந்து பாருங்கள்

பரணிலிருந்து இறக்கிய டப்பாவில் தாத்தா எடுத்த சூப்பர் 8 ரீல். பக்கத்திலேயே அந்தக் காலத்துப் புரொஜக்டர். யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் ஓட்டிவிடாதீர்கள். ஐம்பது வருடத்தில் ஃபிலிம் சுருங்கியிருக்கலாம். அப்போது ஓரத்துத் துளைகள் புரொஜக்டரின் பற்களுக்குப் பொருந்தாமல் கிழியும். நடுவில் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டில் அந்த இடமே பொசுங்கும்.

முதல் சோதனை மூக்குதான். டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கிறதா? ஃபிலிமின் அடித்தளமான செல்லுலோஸ் அசிடேட், வெக்கையிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். பாலில் விழுந்த உறைமோர் மாதிரி, நிறுத்த முடியாது. குளிரில் வைத்தால் தாமதப்படுத்தலாம், அவ்வளவே. நெடி அடிக்கும் ரீலை மற்றவற்றிலிருந்து பிரித்து, முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. திரையில் படத்தை ஓட்டி அதை வீடியோ கேமராவால் பிடித்துத் தருவதையும் சில இடங்களில் ‘டிஜிட்டல்’ என்கிறார்கள். அதில் படம் மினுக்கும், முகங்கள் வெளுக்கும். நல்ல ஸ்கேனரில் பற்களே இல்லை. உருளைகள் ஃபிலிமை மெல்ல நகர்த்த, சூடேறாத எல்இடி ஒளியில் ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் புகைப்படமாகப் பதிவாகிறது. 50 அடி சூப்பர் 8 ரீலில் சுமார் 3,600 ஃபிரேம்கள். நொடிக்கு 18 வீதம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி. இந்த வேகத்தை ஸ்கேன் செய்யும் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள். 24 என்று வைத்துவிட்டால் உங்கள் வீட்டுக் கல்யாண ஊர்வலம் சாப்ளின் படம் போல விறுவிறுவென்று ஓடும்.

“தெருவும் பஸ்ஸும் வரும் இடத்தை வெட்டிடுங்க” என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தக் காட்சிகளில்தான் ஆசை அதிகம். இன்றைய சாதாரணக் காட்சிதான் நாளைய வரலாறு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்து வைத்த யூட்டாவின் டோபாஸ் முகாமுக்குள், டேவ் டாட்சுனோ ரகசியமாக 8 மி.மீ. கேமராவில் எடுத்தது அன்றாடக் காட்சிகளைத்தான். 1996இல் அது அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. எதையும் வெட்டாமல் முழுதாக வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி4 போதும். பாதுகாக்க அது போதாது. அதிகம் சுருக்காத பெரிய கோப்பையும் கேட்டு வாங்கி, இரண்டு ஹார்டு டிஸ்கில் போட்டு, ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். ஹார்டு டிஸ்க் ஒருநாள் சொல்லாமல் சாகும். அதனால் ரீலைத் தூக்கிப் போட வேண்டாம். நாளை இன்னும் நல்ல ஸ்கேனர் வந்தால் அதுதான் மூலம். பரண் வேண்டாம், வீட்டிலேயே குளுமையான, ஈரமில்லாத அலமாரி போதும்.

பெரும்பாலான பழைய ரீல்களில் ஒலி கிடையாது. கோப்பு வந்ததும் டிவியில் போட்டுப் பாட்டியை உட்காரவையுங்கள்; பக்கத்தில் செல்போனில் ரெக்கார்டிங் ஓடட்டும். “இவ யாரு பாட்டி, பச்சைப் பாவாடை?” என்று கேட்டால் போதும், மூன்று நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் பேசுவார்.