உஷார்! தட்டில் புழுக்கை இல்லையா?

முயல் வளர்ப்பவர்கள் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது புழுக்கைத் தட்டை. இரவு வைத்த தீனி அப்படியே கிடந்து, தட்டில் புழுக்கையும் இல்லை என்றால், அல்லது மிளகு அளவுக்குச் சிறுத்து நாலைந்துதான் கிடக்கிறது என்றால், "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முயலுக்கு வாந்தி எடுக்க வராது. குடல் ஓட்டம் நின்றால் வாயு சேர்ந்து வயிறு மத்தளம் மாதிரி உப்பிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல் கிடந்தாலே உயிருக்கு ஆபத்துதான்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் நாம் ஆசையாகக் கொடுப்பதுதான். பிஸ்கட், சோறு, பன், பிள்ளைகள் கையிலிருக்கும் மிக்சர். கேரட்டும் இனிப்புப் பண்டக் கணக்குதான். ஒரு துண்டோடு நிறுத்துங்கள். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நார்த்தீனியை ஓயாமல் அரைத்தால்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். அதனால் காய்ந்த புல் இருபத்து நாலு மணி நேரமும் முன்னால் இருக்கவேண்டும். அருகம்புல்லையோ கோ-4 புல்லையோ அறுத்துக் காயவைத்தால் போதும், காசு செலவில்லை.

நம் எலவனாசூர்கோட்டை மாதிரி வயல் சூழ்ந்த ஊரில் புல்லுக்கு என்ன பஞ்சம் என்பீர்கள். பயமே அங்கேதான். 2018-ல் படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்காதவர் குறைவு. வரப்பில் களைக்கொல்லி வேறு. யார் வயல், எப்போது அடித்தார்கள் என்று கேட்காமல் ஒரு பிடி புல் அறுக்காதீர்கள். மரவள்ளிப் பச்சை இலையும் சோளக் குருத்தும் சயனைடு நஞ்சு உள்ளவை. ஆட்டையே சாய்ப்பவை, முயல் எம்மாத்திரம்? கடலைக்கொடி கொடுக்கலாம். ஆனால் மழையில் நனைந்து பூஞ்சணம் பூத்தது என்றால் குப்பைக்குத்தான்.

அடுத்து தட்டு. முயலுக்குத் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கம் உண்டு. காய்ந்த புல்லைத் தட்டின் ஓரத்திலேயே வைத்தால் தானாக அங்கே வந்து போகும். அடியில் செய்தித்தாள், மேலே வைக்கோல், தினமும் ஈரத்தை அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் விட்டால் மூத்திரத்தின் அமோனியா நெடி கண்ணிலும் மூக்கிலும் ஏறித் தும்மலில் தொடங்கும். பூனைக்கு விற்கும் கட்டிபிடிக்கும் களிமண் வேண்டவே வேண்டாம்; கொறித்து விழுங்கினால் குடலில் உருண்டுவிடும். நுண்ணிய மரத்தூளும் நுரையீரலுக்கு ஆகாது.

மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறதே என்று பதறாதீர்கள், தீனியால் அப்படி ஆகும். பின்பக்கத்தில் வாய்வைத்து மெத்தென்ற கொத்துப் புழுக்கையைத் தின்பதும் இயல்புதான். தடுக்காதீர்கள், அதில் சத்து இருக்கிறது. அந்தக் கொத்து தின்னப்படாமல் கிடந்தால் அடர்தீவனத்தைக் குறையுங்கள். குட்டி தண்ணீராகக் கழிந்தால் அது வேறு விஷயம், அன்றே மருத்துவரிடம் ஓடவேண்டும்.

கோடையில் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும். நம் மாநிலத்தில் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் இனங்களை ஆராய்ச்சி மையம் வைத்து வளர்ப்பது கொடைக்கானல் மலையின் மன்னவனூர்க் குளிரில். நம் ஊர்த் தகரக் கூரைக்கடியில் அதே முயல் இளைக்கும், தீனியை விடும், குடலும் நிற்கும்.

கடைசியாக ஒரு கொடுமை: மருந்துக்கடை வைத்தியம். பிள்ளைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை முயல் வாயில் ஊற்றினால் குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் சாகும். நாய்க்கு உண்ணி போகப் போடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு.

நம் ஊர் வழியாகப் போகும் சேலம் சாலையிலேயே தலைவாசலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவ உதவிக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணும் இருக்கிறது. முயல் பார்க்கும் மருத்துவர் யார் என்று இன்றைக்கே விசாரித்துக் கூண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.