தீயைக் கண்ட மூங்கில்

அசாம் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் மூங்கில் புழங்காத வீடு இல்லை. கழியும் கூடையும் வேலியும் அதுவே. அதனை வாங்குமுன் அறிந்திருக்க வேண்டிய ஒன்றை நாம் சற்றுக் காலந்தாழ்த்தியே கற்றோம்.

மாலிகாவ் ரயில்வே குடியிருப்பில், நம் குழந்தைக்குத் தூளி கட்டுவதற்கெனச் சந்தையில் ஒரு மூங்கில் கழி வாங்கிக் கூடத்தின் குறுக்கே பொருத்தினோம். சில மாதங்கள் சென்றபின், காலைதோறும் அதன் கீழே வெண்ணிறத் தூள் உதிர்ந்து கிடந்தது. சுவர்ச் சுண்ணாம்பு என்றெண்ணிப் பெருக்கித் தள்ளினோம். ஒருநாள் மாலை, பாலூட்டுவதற்காக இல்லாள் குழந்தையை எடுத்துச் சென்ற சிறிது நேரத்தில், கழி நடுவில் முறிந்து விழுந்தது. குழந்தை தூளியில் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எழுதக் கை கூசுகிறது.

அருகில் கூடை முடையும் முதியவர் அக்கழியைப் பிளந்து காட்டினார். உள்ளெல்லாம் உளுத்துச் சல்லடையாகியிருந்தது. "பாபு, இது தீயைக் காணாத மூங்கில்" என்றார். தம் கழிகளை அவர் தணலின்மேல் உருட்டி வாட்டி, மேலே கசியும் பிசுக்கைத் துணியால் துடைத்த பின்னரே விற்பாராம்.

தீ அப்படி என்னதான் செய்கிறது? நூலகத்தில் படித்தறிந்ததைச் சொல்கிறோம்.

மூங்கிலின் உடல் பெரும்பாலும் மூன்று பொருள்களால் ஆனது. செல்லுலோஸ் அதன் நார். லிக்னின் அந்நாரை இறுக்கும் பசை. இரண்டையும் பிணைத்து நிற்பது ஹெமிசெல்லுலோஸ். இவற்றோடு மாவுச்சத்தும் சர்க்கரையும் உண்டு. உளுவண்டு நாடி வருவது அந்த மாவுச்சத்தையே.

100 டிகிரி செல்சியஸ் வரை பெரும்பாலும் ஈரமே வெளியேறும். 150-ஐத் தாண்டி 200-ஐ நெருங்குகையில் ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதையும். அதிலிருந்து, காடிக்குப் புளிப்பைத் தரும் அசெட்டிக் அமிலம் பிரியும். அவ்வமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். ஈரத்தை ஈர்க்கும் பகுதி இவ்வாறு குறைவதால், மழைக்காலத்தில் மூங்கில் உப்புவதும் பின்னர் சுருங்குவதும் தணியும். சர்க்கரை உருமாறிப் பழுப்பு நிறம் ஏறும்; பூச்சிக்கு உணவும் குறையும். லிக்னினின் பங்கு உயர்ந்து காணும். அது பெருகியதால் அன்று, மற்றவை குறைந்ததால்.

ஆயினும் அளவு மீறலாகாது. 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வாட்டினால் மூங்கில் வலுவிழந்து நொறுங்கும் தன்மை அடையும். பாரம் தாங்கும் கழிக்கு அது ஆகாது.

இவ்வட்டாரத்து வீடுகளில் அடுப்பின் மேலுள்ள பரணில் மூங்கிலை வைப்பதும் பயன் தருவதே. அங்கே சூடு அத்தனை இல்லை. ஆனால் ஈரம் வற்றும், புகையிலுள்ள பீனால் வகைப் பொருள்கள் படிந்து பூச்சியைத் தடுக்கும்.

ஆகவே, கழி வாங்கும் அன்பர்கள் அது வாட்டப்பட்டதா எனக் கேட்டு வாங்குக. மண்ணில் ஊன்றும் கால்களுக்கு வாட்டுதல் மட்டும் போதாது என்பதையும் நினைவிற்கொள்க. வெண்தூள் உதிரக் கண்டால் அன்றே கழியை மாற்றுக.

இப்போது நம் கூடத்தில் இருப்பது முதியவர் வாட்டித் தந்த கழி. எனினும் காலையில் அதன் அடியில் குனிந்து பார்த்த பின்னரே நாம் அலுவலகம் புறப்படுகிறோம்.